உண்மை சொன்னால் கோப்பி

ஒஸ்லோவின் புறநகரான எங்கள் ஹொல்ம்லியாவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளே கிடையாது. கோப்பியண்ணை என்றால்தான் தெரியும். அவர் கோப்பிக் கடை வைத்திருந்தவர் அல்லர். கோப்பியை விரும்பிக் குடித்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. தேத்தண்ணிக்காரர். ஆனால் யாருக்காவது ஏதாவது அலுவலகத்தில் சிக்கல் என்று காதில் விழுந்தால் போதும், அந்த வசனம் வந்துவிடும்.

"பயப்பிடாதை பிள்ளை. உண்மையைச் சொல்லு, கோப்பி தருவாங்கள்."

இதற்கு ஒரு கதை உண்டு. எண்பதுகளில் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு, யாரோ ஒரு மலேசியாக்காரரின் பாஸ்போட்டில் ஒஸ்லோவின் பழைய விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறார். அந்தப் பாஸ்போட்டைக் கழிப்பறையில் கிழித்துப்போடச் சொல்லித்தான் ஏஜென்சிக்காரன் அனுப்பியிருந்தான். இவரோ நேரே பொலிஸ்காரரிடம் போய், தெரிந்த ஆங்கிலத்தில், "சேர், இந்தப் பாஸ்போட் என்ரை இல்லை, இந்தப் பேர் என்ரை இல்லை, இந்தக் கோட்டும் என்ரை இல்லை" என்றாராம். பொலிஸ்காரர் சிரித்துவிட்டு, இருக்கச் சொல்லி, ஒரு கோப்பை கோப்பி கொடுத்தாராம். சீருடை போட்ட ஒருவன் அடிக்காமல் கோப்பி நீட்டியதை இந்த மனிதர் அதற்கு முன் கண்டதில்லை. அன்றே முடிவெடுத்துவிட்டார். சீருடை கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவது. கேட்காவிட்டாலும் தேடிப் போய்ச் சொல்லுவது.

இந்தத் தேடிப் போய்ச் சொல்லுகிற பழக்கம்தான் எங்களுக்குத் தலையிடி.

ஒருமுறை கொழும்பிலிருந்து வரும்போது அவரும் நாங்களும் ஒரே விமானம். பெட்டி எடுத்துக்கொண்டு எல்லாச் சனமும் சுங்கத்தில் காட்ட ஒன்றுமில்லை என்கிற பச்சை வாசலால் போகிறது. இவர் மட்டும் சிவப்பு வாசலுக்குத் தள்ளுவண்டியைத் திருப்பினார். திருப்பினவர் சும்மா போயிருக்கலாம். "பிள்ளை, உம்மட்டையும் கருவாடு இருக்கெல்லோ, வாரும்" என்று உரத்துக் கூப்பிட்டார். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் அவருக்கு விளங்கிவிட்டது. என்னுடைய கட்டாக் கருவாடு அன்றைக்கே போய்ச் சேர்ந்தது. இவருடையதும் போனது. போகட்டும் என்று வந்தாரா? "இதை எரிப்பியளோ, இல்லாட்டி ஆராவது சாப்பிடுவினமோ? எரிக்கிறதெண்டால் பாவம்" என்று அதிகாரியிடம் நோர்வேஜிய மொழியில் விசாரித்துக்கொண்டு நின்றார். நான் வீடு வரும்வரை அவரோடு கதைக்கவில்லை.

ரயிலில் ஒரு தடவை மாத அட்டை முதல்நாளோடு முடிந்திருந்தது. பரிசோதகர் அந்தப் பெட்டிக்கு வரவே இல்லை, அடுத்த பெட்டியில் நின்றார். இவர் எழும்பி, சனத்தை விலத்திக்கொண்டு அங்கே போய், "என்னட்டை இண்டைக்கு டிக்கெட் இல்லை" என்று அறிவித்தார். பரிசோதகர் தண்டம் எழுதினார். எழுதும்போது அந்த ஆளுக்கே கை கூசியிருக்கும். கோப்பியண்ணையின் மனைவி அப்போது உயிரோடு இருந்தார். "இவரைக் கட்டினதுக்கு நான் ஒரு பாதிரியாரைக் கட்டியிருக்கலாம், அவராவது பாவசங்கீர்த்தனத்தை வெளியிலை சொல்லார்" என்று எங்கள் குசினியில் இருந்து சொல்லிச் சிரித்தது இன்னும் காதில் நிற்கிறது.

எல்லாமே சிரிப்பாகவும் முடியவில்லை. எங்கள் மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. கணவன் தனியாக வேறு இடத்தில் வசிப்பதாகப் பதிந்துவிட்டு, மனைவி பிள்ளைகளுக்கு அரசாங்க உதவிப்பணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரியென்று நான் சொல்ல வரவில்லை. ஒருநாள் அந்த அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணொருத்தி படியில் கோப்பியண்ணையைக் கண்டு, "இந்த வீட்டில் ஆண் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டாள். "ஓம், இருக்கிறார், நல்ல மனுசன்" என்றார் இவர். உதவி நின்றது, அந்த நல்ல மனுசனின் குடும்பம் இரண்டாக உடைந்தது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரின் மறுகோடியில் இருக்கிற ரொம்மனுக்குப் போனாள். கோப்பியண்ணை அவர்களுக்குச் சீனியும் அரிசியும் வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். அவள் திறக்கவில்லை. "நான் பொய் சொல்லியிருக்கவேணுமோ பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். நான், "பேசாமலாவது இருந்திருக்கலாம், அண்ணை" என்றேன். அப்படி ஒரு வழி இருப்பதையே அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போலப் பார்த்தார். எனக்கு அவர்மேல் பாசமும் பயமும் சேர்ந்தே இருந்தன.

அவருக்கு ஒரேயொரு தங்கச்சி, எனக்கு அக்கா முறை. இவர் நோர்வேக்கு வந்து சில வருடத்தில், சண்டை மூண்டபோது, அந்த அக்கா தலைமன்னாரிலிருந்து வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனவர். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் இருக்கிறார். கலியாணம் கட்டியது, பிள்ளைகள் பிறந்தது, புருசனைப் புதைத்தது எல்லாம் அந்த முகாமில்தான்.

மனைவி காலமான பிறகு கோப்பியண்ணை தங்கச்சியைப் பார்க்க இந்தியா போனார். வெளிநாட்டிலிருந்து போகிற எங்கள் சனம் என்ன செய்யும்? பக்கத்து ஊரில் ஒரு அறை எடுத்து, ஆளை அங்கே வரச்சொல்லி, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, அழுது சிரித்துவிட்டு வரும். இவர் முகாம் வாசலுக்குப் போய், "நான் நோர்வேப் பிரசை. உள்ளை என்ர தங்கச்சி இருக்கிறா. பாக்க வேணும்" என்றார். முறையான அனுமதி வேண்டும் என்றார்கள். அவர்களும் என்ன செய்வார்கள், சட்டம் அப்படி. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில் லீவு முடிந்தது. கடைசியில் ஒரு மேசைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக, அதிகாரி ஒருவர் பக்கத்தில் இருக்க, அண்ணனும் தங்கச்சியும் பார்த்துக்கொண்டார்கள். வந்து எங்களிடம், "நல்ல மாதிரிக் கதைச்சவங்கள். கோப்பியும் தந்தவங்கள், தெரியுமோ?" என்றார்.

அக்கா பிறகு என்னோடு தொலைபேசியில் பழக்கமானபோது அதே சம்பவத்தைச் சொன்னார். "கோப்பி ஆற முதல் நேரம் முடிஞ்சுது, தங்கச்சி. கையைக்கூடப் பிடிக்கேல்லை."

அடுத்த சில வருடங்களில் ஒருநாள் நானும் கணவரும் ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கிற ஜெய்சல்மேர் போகத் திட்டம் போட்டோம். பெப்ரவரியில் பள்ளிக்கூடங்களுக்குப் பனிக்கால விடுமுறை. நோர்வேகாரர் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகும் கிழமை. எங்களுக்குப் பனி போதும், ஒரு கிழமையாவது மணலைப் பார்ப்போம் என்று நினைத்தோம். அந்த நாட்களில் அங்கே பாலைவனத் திருவிழாவும் நடக்கும். கோப்பியண்ணை தானும் வருகிறேன் என்றார். இதைக் கேள்விப்பட்ட அக்கா எனக்கு அழைப்பெடுத்தார்.

"நானும் வரட்டோ? எனக்குக் கோட்டையும் வேண்டாம், ஒட்டகமும் வேண்டாம். முகாம் இல்லாத ஒரு இடத்தில அண்ணையோட ஒரு கிழமை இருக்கவேணும். இனி எப்ப கிடைக்கும்?"

எப்படி வருவார்? வெளியே போவதற்குக் காரணம் சொல்லி அனுமதி எடுக்க வேண்டும். பாகிஸ்தான் எல்லைப்புற ஊருக்கு, வெளிநாட்டுக்காரரோடு, திருவிழா பார்க்கப் போகிறேன் என்றால் யார் விடுவார்கள்? மதுரையில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம் என்று அக்கா சொல்லிவிட்டார். மகளின் வயிற்றில் ஒன்றும் இல்லை. பிடிபட்டால் முகாம் பதிவை வெட்டினாலும் வெட்டுவார்கள். பதிவு போனால் அந்த ஒற்றை அறை வீடும் போய்விடும். "அண்ணைக்கு மட்டும் மூச்சுக் காட்டிப்போடாதை" என்றார். காட்டுவேனா? கருவாடு பறிகொடுத்தவள் நான்.

டெல்லியில் அக்கா எங்களோடு சேர்ந்துகொண்டார். முறையாக அனுமதி எடுத்து வந்ததாகத்தான் கோப்பியண்ணை நினைத்தார். ஜெய்சல்மேர் விடுதியில் கணவர், "அண்ணை, வாங்கோ ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று கோப்பியண்ணையை வெளியே இழுத்துக்கொண்டு போக, நான் எங்கள் மூன்று நோர்வேப் பாஸ்போட்டையும் அக்காவின் ஆதார் அட்டையையும் மேசையில் வைத்தேன். பையன் அட்டையைப் பார்த்து அறைத் திறப்பைத் தந்தான். எனக்கு அதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது. கோட்டை முழுக்க மஞ்சள் கல். மற்ற ஊர்க் கோட்டைகளில் சனம் செத்துப்போய்விட்டது, இங்கே உள்ளே குடியிருக்கிறார்கள். சிற்பம் செதுக்கிய மாடத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சீருடை காய்கிறது, அரண்மனைக்குப் பக்கத்தில் ஒருத்தி பருப்புத் தாளிக்கிறாள். சமணக் கோயிலில் அக்கா தூண் தூணாகத் தடவிப் பார்த்தார். ஹவேலி என்று சொல்லும் பழைய வணிகர் மாளிகைகளில் யன்னல் ஒவ்வொன்றையும் நகை செய்கிற மாதிரிச் செய்திருந்தார்கள். அங்கே ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் எங்கள் தமிழைக் கேட்டு நின்றது. "நீங்க எந்த ஊருங்க? கேரளாவா?" என்று அந்த அம்மா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா, "மதுரைப் பக்கம்ங்க. இவங்க வெளிநாட்டுல இருக்காங்க, அதான் பேச்சு ஒரு மாதிரி இருக்கும்" என்று அச்சொட்டாக அவர்களுடைய தமிழில் சொன்னார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! கோப்பியண்ணை மேலே இருந்த கூரை வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல காலம்.

மூன்றாம் நாள் காலை கடிசர் ஏரிக்குப் போனோம். திருவிழா ஊர்வலம் அங்கிருந்துதான் புறப்படும் என்று இடம் பார்க்கப் போனது. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு அழகான வாசல் நிற்கிறது. வழிகாட்டி அதன் கதையைச் சொன்னான். ஆடல்மகள் ஒருத்தி ஊருக்காக அந்த வாசலைக் கட்ட விரும்பினாளாம். அவள் கட்டின வாசலுக்குக் கீழால் நான் போவதா என்று ராசா மறுத்துவிட்டானாம். அவன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவள் கட்டி முடித்து, மேலே கிருஷ்ணனுக்கு ஒரு கோயிலும் வைத்துவிட்டாள். கோயிலை இடிக்க முடியுமா? ராசா திரும்பி வந்து பேசாமல் இருந்துவிட்டான்.

"ஏன் இந்தக் களவு வேலை? ராசாவிட்டை இன்னொருக்கா நேரை கேட்டிருக்கலாம்" என்றார் கோப்பியண்ணை.

"கேட்டிருந்தால் வாசல் இருந்திராது, அண்ணை" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. முகாமில் பக்கத்து வீட்டுப் பெண். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். "அக்கா, மதுரையில புள்ள பொறந்துட்டுதான்னு ஆபீஸ்ல கேக்கிறாங்க, என்ன சொல்ல?" என்றது போன். ஏரிக்கரை முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஆருக்கு மதுரையில பிள்ளை பிறந்தது?" என்று கேட்டார் கோப்பியண்ணை.

மறைக்க வழி இல்லை. எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஏரிப் படியில் இருந்து யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நாளைக்குக் காலமை பொலிசுக்குப் போவம். நான் நோர்வேப் பிரசை, இது என்ர தங்கச்சி, பார்க்க ஆசையில கூட்டிவந்தனான் எண்டு சொல்லுவம். அவங்களும் அக்கா தங்கச்சியோட பிறந்தவங்கள்தானே. உண்மையைச் சொன்னால்..."

"கோப்பி தருவாங்கள்!" என்று நான் கத்தினேன். "விசரே அண்ணை உங்களுக்கு? உங்கட கோப்பிக்கு இவ வீட்டைக் குடுக்கிறதோ?"

அக்கா கத்தவில்லை. "அண்ணை, உங்களுக்கு உண்மையைச் சொல்ல ஒரு நாடு கிடைச்சுது. எனக்கு அப்பிடி ஒண்டு கிடைக்கேல்லை. வந்த நாளிலையிருந்து அளந்து அளந்துதான் கதைக்கிறன். இந்த ஒரு கிழமையை எனக்கு விடுங்கோ" என்றார்.

அதற்கு மேல் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் கோப்பியண்ணை மடிப்புக் கலையாமல் மினுக்கின சேட்டுப் போட்டு, பாஸ்போட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அக்காவின் கண் வீங்கியிருந்தது. என் கணவர்தான், "முதல்ல திருவிழாவைப் பாப்பம், பின்னேரம் போகலாம். பொலிஸ் எங்கையும் ஓடிப்போகாது" என்று சமாளித்தார். கோப்பியண்ணை சரியென்றார். ஆனால் சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர், பின்னேரம் போவார் என்பது எங்களுக்குத் தெரியும். அலங்கரித்த ஒட்டகங்கள் போயின, கொம்பும் பறையும் போயின, தலையில் குடம் வைத்த பெண்கள் பாடிக்கொண்டு போனார்கள். நான் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மைதானத்தில் போட்டிகள் தொடங்கின. மீசைப் போட்டி, தலைப்பாகை கட்டும் போட்டி. வெளிநாட்டுக்காரருக்குத் தனியாகத் தலைப்பாகைப் போட்டி உண்டு. என் கணவர் கோப்பியண்ணையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார், மனிதரின் யோசனை மாறட்டும் என்று. ஒலிபெருக்கியில் "நோர்வே! நோர்வே!" என்று கத்தினார்கள். எங்கள் நிறத்தில் ஒரு நோர்வேயைக் கண்டு சனத்துக்குப் பெரிய சந்தோசம். அவர் கட்டின தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. அக்கா ஓடிப்போய் அதைச் சுற்றி எடுத்துக் கொடுத்தார். இதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அடுத்தது கயிறிழுத்தல். இந்தியர் ஒரு பக்கம், வெளிநாட்டுக்காரர் மறுபக்கம். பெண்களுக்கும் தனியாக உண்டு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெர்மன்காரிகளோடும் பிரெஞ்சுக்காரிகளோடும் போய் நின்றேன். எதிர்ப்பக்கத்தில் பாவாடையும் முக்காடுமாக ஊர்ப் பெண்கள். பார்த்தால் அவர்கள் நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா நிற்கிறார்! முகாமில் பொங்கலுக்குக் கயிறு இழுத்துப் பழகினவராம். அந்த ஒரு நிமிடம் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

போட்டி நடத்துகிற ஒருவன் வந்து அக்காவின் கையைப் பிடித்தான். "நோர்வே, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் இழுத்தான். அக்கா தலையை ஆட்டினார். இரண்டு பக்கத்துச் சனமும் சிரிக்க, ஓரத்தில் காவலுக்கு நின்ற பெண் பொலிஸ் ஒருத்தி என்ன பிரச்சினை என்று கிட்ட வந்தாள். காக்கி கிட்ட வந்ததும் அக்காவின் முகம் செத்துவிட்டது. எந்த நாடு என்று அவள் கேட்டாள். அக்காவுக்கு வாய் வரவில்லை. ஒரு சொல் பிசகினால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது அட்டை, அதற்கடுத்தது முகாம். நான் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறேன்.

கூட்டத்தை விலத்திக்கொண்டு கோப்பியண்ணை வந்தார். கழுத்தில் அந்தத் தலைப்பாகைத் துணி தொங்குகிறது. நேரே அந்தப் பொலிஸ்காரிக்கு முன்னால் போய் நின்றார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"மை சிஸ்டர்" என்றார்.

"நோர்வே?" என்று கேட்டாள் அவள்.

"நோ. நான் நோர்வே. இவ இந்தியா" என்று தன்னையும் அக்காவையும் கையால் காட்டினார்.

பொலிஸ்காரி அக்காவை ஒருதரம் பார்த்தாள். பிறகு சிரித்து, தோளில் தட்டி, ஊர்ப் பெண்களின் வரிசைக்குள் தள்ளிவிட்டாள். விசில் ஊதிற்று. நான் விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லமாட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அந்தப் பக்கம் அக்கா இழுத்த இழுவையில் ஜெர்மன்காரி என்மேல் விழ, நாங்கள் எல்லோரும் மணலில் கிடந்தோம்.

ஊர்ப் பெண்கள் அக்காவைக் கட்டிப்பிடித்து, வாயில் லட்டை அடைத்தார்கள். லட்டோடு வந்து எங்களுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தவர், விழுங்க முடியாமல் அழத் தொடங்கினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் என் வாய் சும்மா கிடக்குமா?

"அண்ணை, பொலிசுக்கு முன்னால பொய் சொல்லிப்போட்டியள்!" என்றேன்.

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "ஆர் பொய் சொன்னது? நோர்வே எனக்குக் கொஞ்ச வரியத்தில பாஸ்போட் தந்துது. அண்டையிலையிருந்து நோர்வே எண்டு சொல்லுறன், ஒருத்தரும் பொய் எண்டேல்லை. இவ அதைவிட எத்தினையோ மடங்கு காலமாய் இஞ்சைதான். பிள்ளையள் இஞ்சை பிறந்தது, புருசன் இஞ்சை மண்ணுக்குள்ள. இராத்திரி முழுக்கப் படுக்காமல் யோசிச்சனான். நான் நோர்வே எண்டது உண்மையெண்டால் இவ இந்தியா எண்டதும் உண்மைதான்."

"அப்பிடி ஆரும் எழுதித் தரேல்லையே, அண்ணை" என்றார் அக்கா.

"எழுதித் தராதது அவையின்ர பிழை. அவ கேட்டா, உள்ளதைச் சொன்னனான்."

பின்னேரம் பொலிசுக்குப் போகும் கதையை அவர் எடுக்கவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று அவருடைய கணக்கு. அக்கா முகாமுக்குத் திரும்பிப் போனார், மதுரையில் பிரசவம் சுகமாக முடிந்தது என்று சொன்னார். கோப்பியண்ணை அடுத்த பனிக்காலம் ஹொல்ம்லியாவில் நித்திரையிலேயே காலமானார். தங்கச்சியை மறுபடி பார்க்கவில்லை.

ஆனால் அந்த மைதானத்தில் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அக்கா அவரைக் கேட்டார், "அண்ணை, அந்தப் பொலிஸ்காரிக்குச் சொன்ன மாதிரி இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். முன்னால் யாரும் நிற்கவில்லை. இருந்தாலும் கையைக் காலோடு ஒட்டி வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு பெரிய அதிகாரிக்கு மறுமொழி சொல்லுகிறவராகச் சொன்னார்.

"இது என்ர தங்கச்சி. இவ இந்தியா."

"இன்னொருக்கா" என்றார் அக்கா.